உங்கள் நட்சத்திரத்தைக் காட்ட முடியுமா?

கோயிலில் அர்ச்சனைச் சீட்டு வாங்கும்போது பெயரோடு நட்சத்திரத்தையும் கேட்பார்கள். ரோகிணி, மகம், சுவாதி என்று நம்மில் பலர் தயங்காமல் சொல்லிவிடுவோம். அந்த நட்சத்திரம் வானத்தில் எங்கே இருக்கிறது என்று கேட்டால்? உயர்நிலைப் பள்ளி, தொடக்கக் கல்லூரி மாணவர்கள் சிலரிடம் நான் இதைக் கேட்டதுண்டு. பெரும்பாலும் சிரிப்புதான் பதில். “சிங்கப்பூரில் ஏது நட்சத்திரம்?” என்று திருப்பிக் கேட்டவர்களும் உண்டு.

அந்தக் கேள்வியில் நியாயம் இருக்கிறது. இரவு வானத்தின் ஒளி மாசை நாடுவாரியாகக் கணக்கிட்ட ஓர் உலக வரைபடம் 2016ல் வெளியானது. அதில் சிங்கப்பூருக்குத்தான் முதலிடம். கண்கள் இருளுக்கு முழுமையாகப் பழக முடியாத அளவுக்கு வெளிச்சமான வானத்தின்கீழ் இங்குள்ள அனைவரும் வாழ்கிறோம் என்றது அந்த ஆய்வு.

ஆனாலும் எல்லாம் போய்விடவில்லை. நிலா, வெறுங்கண்ணுக்குத் தெரியும் கோள்கள், மிகப் பிரகாசமான ஏறக்குறைய இருபது விண்மீன்கள் ஆகியவை நம் தெருவிளக்குகளையும் மீறித் தெரிகின்றன. தொடங்குவதற்கு அவை போதும். மாணவர்களிடம் நான் கேட்பது வாரத்தில் அரை மணி நேரம். ஒரே இடம், ஒரே நேரம். உங்கள் பேட்டையின் பலமாடிக் கார் நிறுத்துமிடத்தின் மேல்தளமோ ஒரு திடலோ இருந்தால் போதும். வீட்டில் சொல்லிவிட்டு, நண்பர் ஒருவரையும் அழைத்துச் செல்லுங்கள்.

ஏன் வாரம் ஒருமுறை? பூமி சூரியனைச் சுற்றி நகர்ந்துகொண்டே இருப்பதால், ஒரு விண்மீன் முந்தைய நாளைவிட ஏறக்குறைய 4 நிமிடம் முன்னதாக உதிக்கிறது. ஒரு நாளில் இது கண்ணுக்குப் புலப்படாது. ஒரு வாரத்தில் அது 28 நிமிடமாகிவிடும். அதே நேரத்தில் பார்த்தால் விண்மீன் மேற்கே 7 டிகிரி நகர்ந்திருக்கும். கையை முழுதாக நீட்டி முஷ்டியை மடக்கிப் பிடியுங்கள். அதன் அகலம் சுமார் 10 டிகிரி. எதிர்ப் புளோக்கின் விளிம்பை அடையாளமாக வைத்துக்கொண்டால், பூமியின் ஓட்டத்தை நீங்களே அளந்துவிடலாம்.

இதற்கு நல்ல வழிகாட்டி நிலா. அது விண்மீன்களிடையே ஒரு சுற்றை முடிக்க 27 நாளுக்குச் சற்று அதிகமாக எடுத்துக்கொள்கிறது. அதன் பாதையை நம் முன்னோர் 27 பகுதிகளாகப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் ஒரு நட்சத்திரப் பெயர் வைத்தனர். நீங்கள் பிறந்தபோது நிலா எந்தப் பகுதியில் இருந்ததோ அதுவே உங்கள் நட்சத்திரம். சோதிடப் பலன் வேறு விஷயம். பெயருக்குப் பின்னால் இருப்பது வானத்து முகவரி.

தைப்பூசம் நெருங்குகிறது. இந்த முகவரிகளைத் தெரிந்துகொள்ள இதைவிட நல்ல சமயம் இல்லை. பூசத்துக்கு ஐந்து நாள் முன்பு நிலா கார்த்திகை அருகே இருக்கும். மறுநாள் செம்மஞ்சள் நிற ரோகிணி. பூசத்துக்கு இரண்டு நாள் முன்பு திருவாதிரை. நிலா அதைச் சற்றுத் தள்ளியே கடக்கும் என்றாலும், சிவந்த நிறத்தால் அதை அடையாளம் காணலாம். அடுத்த நாள், புனர்பூசத்தின் இரட்டை விண்மீன்கள். சிராங்கூன் சாலையிலிருந்து டேங்க் ரோடு நோக்கிக் காவடிகள் செல்லும் நாளில் முழுநிலா பூசத்தில் நிற்கும். பூசத்தின் விண்மீன்கள் மங்கலானவை. நம் வானில் அவை தெரியமாட்டா. நிலாதான் அந்த இடத்தைக் காட்டித் தரும்.

திருவாதிரையைத் தொடர்ந்து கவனிக்க இன்னொரு காரணமும் உண்டு. 2019ன் இறுதியில் அது மங்கத் தொடங்கியது. 2020 பிப்ரவரியில் அதன் ஒளி வழக்கத்தில் பாதிக்கும் கீழே இறங்கி, ரோகிணியைவிட மங்கலாகிவிட்டது. அது வெளியேற்றிய வாயுவிலிருந்து உருவான தூசு மேகம் அதன் ஒளியை மறைத்ததே காரணம் என்று ஆய்வாளர்கள் பின்னர் விளக்கினர். அந்த மாற்றத்தைக் காணத் தொலைநோக்கி தேவைப்படவில்லை. ஆனால் அது முன்பு எப்படி இருந்தது என்று தெரிந்தவர்களுக்கு மட்டுமே மாற்றம் தெரிந்தது.

அடுத்து வரும் மாசி மகத்தில் முழுநிலா மகத்தருகே நிற்கும். சித்திரைப் பௌர்ணமியில் சித்திரை விண்மீன் அருகே. மே மாதக் கடைசியில் இரவு 9 மணிக்குத் தெற்கே திரும்பினால் தென்சிலுவையும் வடக்கே திரும்பினால் சப்தரிஷி மண்டலமும் தெரியும். லண்டன் மாணவருக்கு முன்னது தெரியாது. மெல்பர்ன் மாணவருக்குப் பின்னது முழுமையாகத் தெரியாது. பூமத்திய ரேகைக்கு அருகே வாழும் நமக்கு இரண்டும் கிடைக்கின்றன.

ஒரு சிறு குறிப்பேடு வைத்துக்கொள்ளுங்கள். தேதி, நேரம், திசை, கண்டது, எத்தனை முஷ்டி உயரம் ஆகியவற்றை எழுதுங்கள். மேகம் மறைத்தால் ‘மேகம்’ என்று எழுதுங்கள், அதுவும் பதிவுதான். கைப்பேசிச் செயலி உதவும், ஆனால் அதைக் கடைசியில் திறங்கள். முதலில் நீங்களே பார்த்து, இது இன்னதாக இருக்கலாம் என்று எழுதிய பிறகு சரிபாருங்கள். அறிவியல் பாடத்தில் நாம் சொல்லித் தர முயல்வதும் இந்த வரிசையைத்தான்.

நகரத்து விளக்குகளை ஒரே நாளில் குறைத்துவிட முடியாது. ஆனால் கீழ்நோக்கி மட்டும் ஒளி வீசும் விளக்குகள் வேண்டும், தேவையற்ற விளக்குகளை இரவில் அணைக்க வேண்டும் என்று கேட்கும் தலைமுறை ஒன்று உருவாக வேண்டும். எது மறைகிறது என்று தெரியாதவர்கள் அதைக் கேட்கப்போவதில்லை. இந்த வாரமே ஒரு மாலையைத் தேர்ந்தெடுங்கள். உங்கள் நட்சத்திரம் எதுவென்று பாட்டியிடமோ அம்மாவிடமோ கேட்டுக்கொண்டு, மேல்தளத்துக்குச் செல்லுங்கள்.