முகம் காணா நட்பு

இவ்வாண்டின் நடுப்பகுதியில் ஒரு நாள், ஓய்வு வேளையில், நம் பள்ளியின் ஐந்தாம் ஆண்டு மாணவி ஒருத்தி சிற்றுண்டிச் சாலைக்குச் செல்லாமல் வகுப்பறையிலேயே அமர்ந்து அழுதுகொண்டிருந்தாள். வகுப்பாசிரியை அருகே சென்று காரணம் வினவினார். கைப்பேசியில் கட்டைகளை அடுக்கி வீடும் தோட்டமும் அமைக்கும் விளையாட்டு ஒன்றில், ஓராண்டாகத் தன்னோடு சேர்ந்து ஊர் கட்டி வந்த தோழி ஒருத்தி வருவதை நிறுத்திவிட்டாள் என்றும், தனக்கு உடல்நலமில்லை என்று அவள் ஒருமுறை எழுதியிருந்தாள் என்றும், அதன்பின் நாற்பது நாளாகியும் அவளைக் காணவில்லை என்றும் அச்சிறுமி கூறினாள். தோழியின் உண்மைப் பெயர் அவளுக்குத் தெரியாது. எந்த நாட்டினள் என்பதும் தெரியாது. உடனிருந்த பிள்ளைகள் நகைத்தனர். செய்தி ஆசிரியர் அறைக்கு வந்தபோது நம்மிலும் சிலர் நகைத்தோம் என்பதை மறைப்பதற்கில்லை. பெயரும் ஊரும் அறியாத ஒருத்திக்காக அழுவதா என்று எண்ணினோம்.

நாம் நகைத்தது தவறு. அதனைச் சொல்லவே இக்கட்டுரையை எழுத முற்பட்டோம்.

பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டங்களில் இந்நாளில் தவறாமல் எழும் குறை ஒன்றுண்டு. "பிள்ளை வீட்டில் யாருடனும் பேசுவதில்லை, கைப்பேசியும் கையுமாகத் தனியே கிடக்கிறான்" என்பதே அது. இக்குறையில் உண்மை இல்லாமலில்லை. மாலை மயங்கும் வரை லயத்துத் திடலில் சடுகுடு ஆடி, அம்மா விளக்குமாற்றுடன் வந்த பின்னரே வீடு திரும்பிய தலைமுறையினருக்கு, அசையாமல் ஒரு மூலையில் அமர்ந்திருக்கும் பிள்ளையைக் கண்டால் நெஞ்சம் பதைப்பது இயல்பே. ஆயினும், அப்பிள்ளை உண்மையிலேயே தனியாகத்தான் இருக்கிறானா என்பதை நம்மில் எத்தனை பேர் கேட்டுப் பார்த்தோம்? கேட்காமற்போன ஒரு பெற்றோரின் வரலாற்றை இங்கே கூற விரும்புகிறோம். அது நார்வே நாட்டில் நிகழ்ந்தது.

மாட்ஸ் ஸ்டீன் என்பவர் 1989-இல் பிறந்தார். அவருக்கு டுஷேன் தசைச் சிதைவு நோய் இருப்பதை 1993-இல் மருத்துவர்கள் கண்டறிந்தனர். பெரும்பாலும் ஆண் குழந்தைகளையே பற்றும் பரம்பரை நோய் இது. தசைகளைக் காக்கும் டிஸ்ட்ரோபின் எனும் புரதம் உடலில் உண்டாகாமையால் முதலில் கால்களும், பின்னர் கைகளும், இறுதியில் மூச்சுக்கும் இதயத்துக்கும் உரிய தசைகளும் வலுவிழந்து போகின்றன. இந்நாள் வரை இதனை முற்றாகத் தீர்க்கும் மருந்தில்லை. இருபது வயதைக் கடப்பது அரிது என்று பெற்றோரிடம் கூறப்பட்டது. ஓடியாட வேண்டிய வயதில் சக்கர நாற்காலியில் அமர்ந்த மாட்ஸ், பின்னர் விரல்களை மட்டுமே சிறிது அசைக்க முடியும் என்ற நிலையை அடைந்தார். இரவும் பகலும் பணியாளர்கள் உடனிருந்தனர். தமது வாழ்வின் பிற்பகுதியில் நாளின் பெரும்பகுதியை அவர் கணினியின் முன்னேயே கழித்தார்.

அவர் ஆடியது 'வேர்ல்டு ஆஃப் வார்கிராஃப்ட்' எனும் இணைய விளையாட்டு. 2004-ஆம் ஆண்டில் வெளிவந்த இவ்விளையாட்டுக்கு 2010-இல் உலகெங்கும் ஒரு கோடியே இருபது இலட்சம் சந்தாதாரர்கள் இருந்தனர். அதனுள்ளே அஸெரோத் என்றோர் உலகம் உண்டு. மலையும் காடும் கடலும் சத்திரங்களும் நிறைந்த உலகம். ஆடுவோர் ஒவ்வொருவரும் தமக்கென ஓர் உருவமும் பெயரும் பூண்டு அங்கே உலவுவர். ஒருவரையொருவர் கண்டால் எழுத்தால் உரையாடுவர். மாட்ஸ் அங்கே 'இபெலின்' என்ற பெயருடைய கட்டழகனாகத் திரிந்தார். எழுந்து நிற்கவும் இயலாதவர் அங்கே ஓடினார். விளையாட்டினுள் நுழைந்ததும் அவர் முதலில் செய்வது நெடுந்தொலைவு ஓடுவதுதான் என்பதைப் படிக்கும்போது நமக்குத் தொண்டை அடைக்கிறது.

அவருடைய தந்தை ராபர்ட், தாய் ட்ரூட் ஆகிய இருவரும் அன்பில் குறைவற்றவர்கள். மகனுக்காக வீட்டையே மாற்றியமைத்தவர்கள். எனினும் மகனின் விளையாட்டைக் குறித்து அவர்கள் அறிந்ததெல்லாம் திரையில் ஏதோ உருவங்கள் ஓடுகின்றன என்பது மட்டுமே. இரவில் நேரத்தோடு உறங்கும்படி அவர்கள் வற்புறுத்தினர். பிறர் வேலை முடிந்து வீடு திரும்பி, உண்டு முடித்து அங்கே கூடுவதே இரவில்தான் என்பது அவர்களுக்கு விளங்கவில்லை. பிறரைப்போல் நண்பர்களும் காதலும் தொழிலும் இல்லாமல் நம் பிள்ளையின் வாழ்நாள் வீணே கழிந்துவிட்டதே என்பதுதான் அவர்களுடைய ஆறாத துயரமாக இருந்தது.

2014-ஆம் ஆண்டு நவம்பர் மாதம், தமது 25-ஆம் வயதில், மாட்ஸ் காலமானார். அவர் தம் வாழ்வைப் பற்றி இணையத்தில் எழுதி வந்த பக்கத்திற்குரிய கடவுச்சொல்லை விட்டுச் சென்றிருந்தார். தந்தை அதனைக் கொண்டு மகன் மறைந்த செய்தியை அப்பக்கத்தில் எழுதி, தம் மின்னஞ்சல் முகவரியையும் கீழே இட்டார். எவரேனும் படிப்பார்களா என்பதே ஐயம். சிறிது நேரத்தில் ஒரு மடல் வந்தது. அதனையடுத்து இன்னொன்று வந்தது. பின்னர் மடல்கள் குவியலாயின. எழுதியவர்கள் பல நாட்டவர். தம் துன்ப காலத்தில் இபெலின் எவ்வாறு துணை நின்றார் என்பதை ஒவ்வொருவரும் விரிவாக எழுதியிருந்தனர். பெற்றோர் அறிந்த மகன் வேறு, இம்மடல்களில் இருந்த மகன் வேறு.

அவற்றுள் இரண்டை மட்டும் குறிப்பிடுவோம். நெதர்லாந்தைச் சேர்ந்த பெண்ணொருத்தி, பள்ளிப்பருவத்தில் அவருடைய நெருங்கிய தோழி. படிப்புக் குறைகிறதென்று அவளுடைய பெற்றோர் கணினியைப் பறித்துக்கொண்டனர். அவள் துயரில் ஆழ்ந்தபோது, மாட்ஸ் அப்பெற்றோருக்கே கடிதம் எழுதினார். உங்கள் மகளுக்கு அங்கே நண்பர்கள் இருக்கிறோம் என்பதை அவர்களுக்குப் பணிவுடன் எடுத்துரைத்தார். இன்னொருவர் டென்மார்க்கைச் சேர்ந்த ஒரு தாய். அவருடைய மகன் தன்மயம் எனப்படும் ஆட்டிசம் உடையவன். அறையை விட்டு வெளியே வருவதில்லை, தாயின் அணைப்பையும் ஏற்பதில்லை. மாட்ஸ் தந்த யோசனையின்படி தாயும் மகனும் விளையாட்டினுள்ளே சந்தித்துப் பழகத் தொடங்கினர். அங்கே தழுவிக்கொள்ளக் கற்றவர்கள் பின்பு வீட்டிலும் தழுவிக்கொண்டனர். தாம் எழுந்து சென்று ஒருவர் கையைப் பற்ற இயலாத மாட்ஸ், பிறருடைய குடும்பங்களைச் சேர்த்து வைத்திருக்கிறார்!

ஓஸ்லோ நகரில் நடந்த இறுதிச் சடங்குக்கு அவ்விளையாட்டு நண்பர்கள் சிலர் கடல் கடந்து வந்து சேர்ந்தனர். பயணச் செலவுக்கு வழியில்லாதவர்களுக்காகத் தமக்குள் பணம் திரட்டினர். சவப்பெட்டியின்மேல் அவர்களுடைய குழுவின் கொடி போர்த்தப்பட்டது. வர இயலாதவர்கள் தத்தம் நாட்டில், ஒருவர் வகுப்பறையிலும் ஒருவர் நூலகத்திலும் மற்றொருவர் அலுவலகத்திலுமாக மெழுகுவர்த்தி ஏற்றி வைத்தனர். வந்தவர்களுள் பெரும்பாலோர் மாட்ஸின் முகத்தை ஒருபோதும் நேரில் கண்டதில்லை.

தோட்டத்தில் பிறந்து வளர்ந்த நமக்கு இக்காட்சி புதிதன்று. ஒரு லயத்தில் சாவு விழுந்தால் அன்றைக்கு அடுத்த லயத்திலும் அடுப்பு எரிவதில்லை. குழி தோண்டுவோர் ஒருபுறம், வந்தோருக்குக் காப்பி கலப்போர் ஒருபுறம், மரண சகாய நிதிக்குக் கணக்கெழுதுவோர் ஒருபுறம் என எவரும் ஏவாமலே பணி நடக்கும். தாம் சேர்த்த காசில் ஏழை நண்பனுக்குப் பயணச்சீட்டு வாங்கித் தந்த அந்த ஐரோப்பியர்களும் இதனையன்றி வேறெதனைச் செய்தனர்? சாவு வீட்டுக்கு வருகிறவனே ஊரான் என்பது நம் பெரியோர் வைத்த அளவுகோல். அதைக் கொண்டு அளந்தால் அஸெரோத்தும் ஓர் ஊரே.

தமிழருக்கு இதில் வியப்பதற்கும் ஒன்றுமில்லை. உறையூரை ஆண்ட கோப்பெருஞ்சோழனும், பாண்டிய நாட்டிலிருந்த புலவர் பிசிராந்தையாரும் ஒருவரையொருவர் காணாமலே நட்புப் பூண்டவர்கள். சோழன் வடக்கிருந்து உயிர் துறக்கத் துணிந்தபோது, ஆந்தையார் வருவார், அவருக்கும் இடம் ஒதுக்குங்கள் என்று உடனிருந்தோரிடம் கூறினான். அவர்கள் ஐயுற்றனர். அவரோ வந்தார், தாமும் வடக்கிருந்தார். புறநானூறு காட்டும் இவ்வரலாற்றைப் பாடமாக நடத்துகிற நாமே, முகமறியாத் தோழிக்காக அழுத சிறுமியைப் பார்த்து நகைத்தோமே என்பதுதான் நமக்கு வெட்கமாக இருக்கிறது.

எல்லா இணையக் கூட்டங்களும் இத்தகையன என்று நாம் சொல்லவில்லை. மாட்ஸ் சேர்ந்திருந்த 'ஸ்டார்லைட்' எனும் குழுவில் இருந்தவர்கள் சுமார் முப்பது பேரே. அதே மனிதர்கள், அதே இடத்தில், இரவுதோறும், ஆண்டுக்கணக்கில் கூடினர். பிணக்குகளும் இல்லாமலில்லை. மாட்ஸே சிலரைப் புண்படுத்தியதுண்டு. தம் நோயைப் பல ஆண்டுகள் அவர்களிடம் மறைத்தும் வைத்திருந்தார். இரங்கத்தக்கவனாகத் தம்மைப் பார்ப்பார்களோ என்ற அச்சம்தான் காரணமாக இருந்திருக்கும் என்று நமக்குத் தோன்றுகிறது. 2013-இல் அவர் உண்மையை எழுதியபின் அவர்களுடைய நட்பு குறையவில்லை. ஒரே குழாயடியில் நெடுங்காலம் நீர் பிடித்த பெண்களின் நட்பைப் போன்றது இது. சண்டையிட்டு, பேசாதிருந்து, மறுபடியும் பேசி வளர்ந்த நட்பு. ஒரே நாளில் ஓராயிரம் பேரை 'நண்பர்' என்று சேர்த்துக்கொள்வதனால் இது வாய்ப்பதன்று.

இன்னொன்றையும் எண்ணிப் பார்த்தோம். அந்த ஊர்கள் அங்கே வாழ்வோருக்கு உரியனவல்ல. அவை நிறுவனங்களுக்கு உரியன. 2005-இல் கனடாவில் தொடங்கப்பட்டு உலகெங்கும் சிறார்கள் பென்குயின் உருவில் கூடி மகிழ்ந்த 'கிளப் பென்குயின்' 2017 மார்ச்சு மாதத்தில் மூடப்பட்டது. கடைசி நேரம் வரை அங்கே காத்திருந்து விடைபெற்ற பிள்ளைகள் பலர். தோட்டம் கைமாறி, லயம் இடிக்கப்பட்டு, கோயிலும் பள்ளியும் இடம்பெயர்ந்து, ஒரே வரிசையில் வாழ்ந்தவர்கள் ஆளுக்கொரு பட்டணத்துக்குப் போனதைக் கண்ட நம் தாத்தா பாட்டியருக்கு இத்துயரை விளக்கத் தேவையில்லை. பேரப்பிள்ளை ஒருவேளை அதே துயரைத்தான் கைப்பேசியில் அனுபவிக்கிறான் என்பதை மட்டும் அவர்களுக்கு யாராவது சொல்ல வேண்டும்.

தொடக்கப்பள்ளி மாணவர்கள் மாட்ஸைப் போன்று வளர்ந்தவர்கள் அல்லர் என்பதை நாம் மறக்கவில்லை. சிறார் வேடம் பூண்டு நுழையும் தீயோர் அவ்வுலகங்களில் உண்டு. உண்மைப் பெயர், பள்ளி, வீட்டு முகவரி, படம் ஆகியவற்றைக் கேட்பவருக்கு விடை தரலாகாது. கேட்டால் உடனே வீட்டில் சொல்ல வேண்டும். ஆனால் வீட்டில் சொல்லும் பிள்ளை யார்? கைப்பேசியைப் பறித்துவிடுவார்கள் என்று அஞ்சும் பிள்ளை எதையும் சொல்லமாட்டான். அருகில் வந்து அமர்ந்து, "இது யார்? நீ கட்டிய வீடு எது?" என்று கேட்ட தந்தையிடம்தான் சொல்வான். ஆகவே, எத்தனை மணி நேரம் ஆடினாய் என்று கேட்கும் பெற்றோர், யாருடன் ஆடினாய் என்றும் கேட்க வேண்டும் என்பது நம் கருத்து. கால வரம்பு வேண்டாம் என்று நாம் கூறுவதாக எவரும் கொள்ள வேண்டா. வீட்டுப்பாடம் முடிக்காத பிள்ளைக்கு நாம் பரிந்து பேசவில்லை.

மாட்ஸின் வாழ்க்கை 2024-இல் பெஞ்சமின் ரீ என்பவரின் இயக்கத்தில் ஆவணப்படமாக வெளிவந்து பரிசுகளும் பெற்றது. குழுவினர் சேமித்து வைத்திருந்த பழைய உரையாடல்களைக் கொண்டு, இபெலினின் அஸெரோத் வாழ்வை அதில் மீண்டும் உருவாக்கிக் காட்டியிருக்கின்றனர். வளர்ந்த பிள்ளைகளுடைய பெற்றோர் அதனைக் காணலாம். அவருடைய நண்பர்கள் அவர் மறைந்த பின்னரும் அவ்விளையாட்டினுள் கூடி, அவர் ஓடிய வழியில் ஓடியும் நீந்தியும் அவரை நினைவுகூர்ந்தனர்.

நம் மாணவியின் தந்தை செம்பனைக் குலை வெட்டும் தொழிலாளி. வகுப்பாசிரியை அவரை அழைத்துப் பேசினார். "விளையாட்டுத்தானே டீச்சர்" என்றுதான் அவரும் முதலில் சொன்னார். மறுவாரம் அவரே பள்ளிக்கு வந்து, மகள் கட்டிய ஊரைத் தமக்குச் சுற்றிக் காட்டினாள் என்றும், தோழியின் வீட்டு வாசலில் பூச்செடிகள் வைத்திருக்கிறாள் என்றும் கூறிச் சென்றார். தோழி இன்னும் திரும்பி வரவில்லை. அவளைப் பற்றி அச்சிறுமி எழுதிய பத்து வரிகளை இம்மலரின் மாணவர் பகுதியில் வெளியிட்டுள்ளோம். தோழியின் பெயர் விளையாட்டில் வழங்கியவாறே அச்சிடப்பட்டிருக்கிறது.