கனவுக்குக் கடிவாளமா?

உறங்கிக்கொண்டே ‘இது கனவு’ என்று உணர்வதும், உணர்ந்தபின் அக்கனவைத் தன் விருப்பப்படி நடத்துவதும் இன்று ஒரு கலையாகப் பயிற்றப்படுகின்றன. ‘லூசிட் ட்ரீமிங்’ என்று அதற்குப் பெயர். நாம் தன்னுணர்வுக் கனவு என்போம். நெய்வேலி நகரியத்தில் நம்மிடம் ஓதிய பிள்ளைகளிற் சிலரும் இதில் இறங்கியுள்ளனர். உஸ்தாது வேறு யாருமல்லர், கைப்பேசிதான். பகலெல்லாம் தன் விரல்களை எண்ணிப் பார்த்து, ‘நான் காண்பது கனவா, நனவா?’ என்று பிள்ளை தன்னையே வினவிக்கொள்கிறான். இரவில் ஐந்து மணி நேரம் உறங்கியபின் அலாரம் வைத்து எழுகிறான். சற்றே விழித்திருந்து, ‘அடுத்த கனவைக் கனவென்று அறிவேன்’ என மனத்துள் உருப்போட்டவாறு மறுபடியும் படுக்கிறான்.

பத்து மணிக்குப் படுத்தவன் எழும் அந்த நேரம் எந்த நேரம்? மூன்று மணி! தஹஜ்ஜுதுக்கு எழுப்பினால் புரண்டு படுத்தவன், கனவுக்காகத் தானே எழுகிறான். எழுந்தவன் ஒளூச் செய்து இரண்டு ரக்அத் தொழுதானா? இல்லை. ஸுப்ஹுடைய பாங்கு ஒலிக்கையில் அவன் ஏதோ ஒரு வானத்தில் பறந்துகொண்டிருக்கிறான்.

இதெல்லாம் வெறும் பொய் என்று தள்ளிவிடும் ஆலிம் பெருமக்களோடும் நாம் உடன்படுவதற்கில்லை. கனவு நிகழும் உறக்கத்தில் உடலின் தசைகள் ஓய்ந்துகிடக்கக் கண்கள் மட்டும் அசையும். 1975-இல் இங்கிலாந்தின் ஹல் பல்கலைக்கழகத்தில் கீத் ஹெர்ன் என்பார், முன்னரே பேசிவைத்தபடி கண்ணை இடவலமாக அசைக்கச் செய்து, உறங்குபவரிடமிருந்தே சைகை பெற்றார். அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டில் ஸ்டீபன் லபெர்ஜ் அவ்வாய்வை மேலும் வளர்த்தார். ஆகவே இது நிகழக்கூடியதே. கொடுங்கனவால் வதைபடுவோர்க்கு மருத்துவர் இம்முறையைக் கையாண்டால் நமக்கு ஆட்சேபமில்லை.

கனவை நாடிப் பெறும் முயற்சி நம் முன்னோர் அறியாததுமன்று. 1377-இல் எழுதிய ‘முகத்திமா’வில் இப்னு கல்தூன், உறங்குமுன் சில சொற்களை உச்சரித்து, அறிய விரும்பியதைக் கனவிற் காணும் முறையொன்றைக் குறிப்பிடுகிறார். தாமே செய்து பார்த்து வியப்பான காட்சிகள் கண்டதையும் மறைக்கவில்லை. ஆயினும், நாடினால் கனவு உண்டாகிவிடும் என்பதற்கு இது சான்றாகாது, அச்சொற்கள் உள்ளத்தை ஆயத்தப்படுத்துவதோடு சரி என்று உடனே எல்லை கட்டிவிடுகிறார். செய்து பார்த்தவரே காத்த அடக்கம் இது! இன்று கைப்பேசியில் கடை விரித்திருப்போரிடம் இதைக் காண முடிகிறதா?

கனவு மூவகை என்று நாயகம் (ஸல்) அவர்கள் பிரித்துக் காட்டினார்கள்: அல்லாஹ்விடமிருந்து வரும் நன்மாராயம், ஷைத்தான் தரும் துயரம், மனிதனின் உள்ளம் தன்னோடு பேசிக்கொள்வது. தானே திட்டமிட்டுத் தானே நடத்தும் கனவு மூன்றாம் வகையன்றி வேறெதுவாகும்? காணாத கனவைக் கண்டதாகச் சொல்பவன் மறுமையில் இரண்டு வாற்கோதுமை மணிகளை முடிச்சிடுமாறு ஏவப்படுவான், அவனால் அது இயலாது என்று ஹதீதில் வருகிறது. ‘நான் கண்டேனே, இது எனக்கு எப்படிப் பொருந்தும்?’ என இவன் வாதிடலாம். கண்டான், மறுக்கவில்லை. ஆனால் தன் கையால் கட்டியதைத் தனக்கு அருளப்பட்டதாக ஊருக்குச் சொல்கிறானே, அதற்கு என்ன பெயர்?

பிள்ளைகளை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. இஸ்திகாறாத் தொழுதுவிட்டுக் கனவுக்காகக் காத்திருந்து, பாம்பு வந்தது என்று நல்ல சம்பந்தத்தைக் கைவிடும் பெற்றோர் இல்லையா? அந்தத் தொழுகையைக் கற்பிக்கும் ஹதீதில் கனவு என்ற பேச்சே கிடையாதே!

சுரங்கமும் அனல்மின் நிலையமும் இராப்பகலாய் ஓடும் ஊர் நம் ஊர். மூன்று ஷிப்டும் மாறி மாறிப் பார்ப்பவனுக்கு உறக்கம் ஏற்கெனவே அரைகுறை. கிடைக்கும் உறக்கத்தையும் நடுவில் முறித்துக்கொள் என்று அவனுக்கு உபதேசிப்பவர்கள், மறுநாள் அவன் நிற்கப்போகும் இயந்திரத்தின் அருகில் வந்து நிற்பார்களா? மறதி நோயாளிக்குரிய கேலன்டமைன் மாத்திரையைக் கனவுக்காக விழுங்குவோரும் உலகில் உண்டு. அந்த அளவுக்கு நம் வீட்டுப் பிள்ளைகள் போய்விடக்கூடாது.

இளைஞன் ஒருவன் நம்மிடம் வந்து, “ஹஜ்ரத், மவுத்தாகிவிட்ட அத்தாவைக் கனவில் வரவழைத்து மன்னிப்புக் கேட்கப் போகிறேன்” என்றான். அத்தாவின் கடைசி நாட்களில் அவரோடு பேசாதிருந்தவன். நெஞ்சு கனத்தது. ஆயினும் சொல்ல வேண்டியதைச் சொன்னோம்: நீ வரவழைக்கும் அத்தா நீ விரும்பியதையே பேசுவார், உன்னை நீயே மன்னித்துக்கொள்வாய், அவ்வளவுதான். அவருக்காகத் துஆச் செய், அவர் பெயரால் தர்மம் கொடு, கடனிருந்தால் அடை, அவருடைய தோழர்களைத் தேடிப் போய்க் கண்ணியப்படுத்து. தந்தை மறைந்தபின் மகன் அவருக்குச் செய்யக்கூடிய நன்மைகள் என்று மார்க்கம் சொல்பவை இவை. அவருடன் சுரங்கத்தில் உழைத்தவர்கள் ஓய்வு பெற்று, குவார்ட்டர்ஸைக் காலி செய்து, வடலூரிலும் பண்ருட்டியிலும் குடியேறியிருக்கிறார்கள். ஒருவரையேனும் போய்ப் பார்த்ததுண்டா என்று கேட்டோம். விலாசம் தெரியாது என்றான். இருவருடைய விலாசத்தை விசாரித்து எழுதிக் கொடுத்திருக்கிறோம்.