அது களை இல்லீங்க!



போன வருஷம் எண்ணூர் முகத்துவாரம் பக்கம் அலையாத்திக் கன்று நடப் போனோமே, ஞாபகம் இருக்கா? நடுவதற்கு முன்னாடி "இடத்தைச் சுத்தம் பண்ணுங்க" என்றதும், தரையில் படர்ந்திருந்த சிவப்புத் தண்டுக் கொடியை ரெண்டு சாக்கு நிறையப் பிடுங்கினோம். நானும்தான் பிடுங்கினேன். அது தப்பு என்பது என் கருத்து.

அந்தச் செடிக்குப் பேர் ஓர்ப்பூடு. தாவரவியலில் செசுவியம் போர்ட்டுலகாஸ்ட்ரம் (ஒரே மூச்சில் சொல்லிப் பாருங்க!). நம்ம கடற்கரைக்கே சொந்தமானது, பல வருஷம் வாழும். இலை தடியா இருக்கும், கிள்ளினால் உப்புத் தண்ணி. கடல்நீர் ஏறும் சேற்றில் மற்ற செடிகள் கருகிடும். இது உப்பை இலைக்குள்ளேயே அடைச்சு வச்சுக்கிட்டுப் பிழைக்கும். கணுவுக்குக் கணு வேர் விட்டுச் சேற்றைப் பிடிச்சுக்கும். ஓதம் ஏறும்போது இறால் குஞ்சும் நண்டும் அதுக்குள்ளதான் ஒதுங்கும். பூ ரோஸ் கலர், நட்சத்திரம் மாதிரி. (கீழே வரைஞ்சிருக்கேன், கலர் கொஞ்சம் பிசகிடுச்சு.)

பிலிப்பைன்ஸ் நாட்டில் இதை ஊறுகாய் போடுறாங்க. நாம ஆசைப்பட வேண்டாம். ஈயம், காட்மியம் போன்ற உலோகங்களையும் இது உறிஞ்சி வச்சுக்கும். அனல்மின் நிலையச் சாம்பல் படிஞ்ச கொசஸ்தலை ஆத்தங்கரைக் கீரையை யார் சாப்பிடுறது?

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலிப் பக்கமிருந்து எண்ணெய் வந்ததே, அப்போ கரையெல்லாம் கறுப்பு. எங்க மாமாவோட வலை வீணாப் போச்சு. ஓர்ப்பூடும் கறுத்துக் கிடந்தது. ஆனா எண்ணெய் படாத நுனியிலிருந்து மறுபடி தளிர் விட்டதை நான் பார்த்தேன். அதைத்தான் நாம சாக்கில் கட்டினோம்.

நட்ட கன்றுகளாவது பிழைச்சுதா? போய்ப் பார்த்தேன், முக்கால்வாசி காய்ஞ்சு குச்சியா நிக்குது. அலையாத்திக்கு ஓதத் தண்ணி அடிக்கடி வந்து போகணும். நாம நட்டது அது எப்போதாவது எட்டிப் பார்க்கிற மேடு. அது ஓர்ப்பூடு இருக்கவேண்டிய இடம். வெறும் சேறா தெரிஞ்சதால தரிசுன்னு நினைச்சுட்டோம். ஐயா கோவிச்சுக்கக் கூடாது, மரம் நட வேண்டாம்னு நான் சொல்லலை.

இந்த வருஷம் நடுவதற்கு முன்னாடி ஒரு சனிக்கிழமை போய், ஓதம் எதுவரை ஏறுது, ஓர்ப்பூடு எங்கெங்கே இருக்குன்னு பார்த்துக் கயிறு கட்டிட்டு வரலாம். மாமா படகு தர்றேன்னு சொல்லியிருக்கார். வர்றவங்க 9 'ஆ' பிரிவில், ஜன்னல் ஓர மூணாவது பெஞ்சில் என்கிட்ட பேர் கொடுங்க.