ஜப்பான் பேஸ் கிட்டாருக்கு அந்த விலை தகுமா?

எங்கள் கடைக்குப் பின்னாலுள்ள ஒழுங்கையில் வசிக்கும் ஒரு தம்பி, ஹோட்டல்களில் வாசிக்கும் இசைக்குழு ஒன்றில் பேஸ் கிட்டார் வாசிப்பவர். சென்ற மாதம் இரண்டு படங்களைக் கொண்டுவந்து என் மேசையில் வைத்தார். இரண்டும் யமஹா, இரண்டும் ஒரே அச்சில் வார்த்தது போலிருந்தன. ஒன்று இந்தோனேசியாவில் செய்த பிபி 434. மற்றது ஜப்பானில் செய்த பிபிபி 34, விலை ஏறக்குறைய மூன்று மடங்கு. "அங்கிள், நீங்க வாகன ஏலத்துக்கு ஜப்பான் போய் வந்தவர்தானே, கடன் எடுத்தாவது இதை வாங்கலாமா?" என்று கேட்டார்.

எனக்கு இசை தெரியாது. ஆனால் ஒரு சாமானின் விலை எங்கிருந்து வருகிறது என்று தேடிப் பார்ப்பது நமது தொழில். எனவே விசாரித்தேன்.

ஜப்பான் கிட்டார் ஒரு காலத்தில் மலிவுச் சரக்கு. மட்சுமோட்டோ நகரில் 1960இல் தொடங்கிய ஃபுஜிஜென் போன்ற தொழிற்சாலைகள் எழுபதுகளில் அமெரிக்க மாதிரிகளை அப்படியே பார்த்துச் செய்தன. 1977இல் கிப்சனின் தாய்க் கம்பனி, இபானெஸ் கிட்டார்களின் அமெரிக்க விநியோகஸ்தர் மீது வழக்கே தொடுத்தது. ஃபென்டர் கம்பனி வேறு வழியில் யோசித்தது. 1982இல் ஜப்பானியப் பங்காளிகளுடன் சேர்ந்து ஃபென்டர் ஜப்பானை ஆரம்பித்து, அதே ஃபுஜிஜென்னிடமே வேலையைக் கொடுத்தது. போட்டிக்காரனையே உற்பத்தியாளனாக்கிய அந்தக் கெட்டித்தனத்தை நம்மவர்களும் கவனிக்க வேண்டும். மலிவு வரிசையாக அன்று வெளிவந்த ஸ்குவையர் ஜேவி பேஸ்களைச் சேகரிப்போர் இன்று தேடித் தேடி வாங்குகிறார்கள்.

பிறகு நாணயம் திரும்பியது. 1985 செப்டெம்பரில் டொலருக்குச் சுமார் 240 யென். 1987 முடிவில் அது 130க்கும் கீழே. அந்த விலையில் மலிவுச் சரக்கு செய்து கட்டுப்படியாகுமா? அந்த வேலை கொரியாவுக்கும் பின்னர் இந்தோனேசியாவுக்கும் சீனாவுக்கும் போனது. ஜப்பானில் தங்கியது பெரும்பாலும் விலை கூடிய வேலை. ஆகவே இன்று "ஜப்பானில் செய்தது" என்ற முத்திரைக்குக் கொடுக்கும் பணத்தில் பெரும்பங்கு ஜப்பான் தொழிலாளியின் சம்பளம்.

அந்தச் சம்பளத்துக்கு என்ன கிடைக்கிறது? கிட்டாரின் கழுத்தில் ஃபிரெட் எனப்படும் உலோகக் கம்பிகள் பதித்திருக்கும். அவற்றில் ஒன்று மயிரிழை உயர்ந்தாலும் தந்தி அதில் உரசி இரையும். அவற்றை ஒரே மட்டமாக்கி, ஓரங்களை விரலில் குத்தாமல் தேய்ப்பது பொறுமையான கைவேலை. மரம் சரியாகக் காயாவிட்டால் கழுத்து வளையும். நல்ல ஜப்பான் தொழிற்சாலையில் பத்து பேஸ் எடுத்தால் பத்தும் ஒரே தரம். மலிவு வகையில் ஒன்று அருமையாகவும் அடுத்தது சுமாராகவும் அமையலாம். கண் மூடி வாங்கக்கூடிய நிலையான தரத்துக்கு விலையுண்டு என்பதை நாம் மறுக்க முடியாது.

ஆனால் யமஹாவின் இந்தோனேசியத் தொழிற்சாலையிலும் மரத்தை வெட்டுவது கணினி இயந்திரந்தான். இடைவெளி முன்னரைப் போல் பெரிதில்லை. கலியாண மண்டபத்தில் சோறு உண்டுகொண்டிருப்பவருக்கு இரண்டின் ஓசையும் ஒன்றே. 4 இலட்சம் யென்னைத் தாண்டும் பேஸ்களும் ஜப்பானில் உள்ளன. அவற்றில் பலவற்றின் முகப்பில் ஒட்டிய வரிமரத் தகடு கண்ணுக்கு அழகு, காதுக்கு அநேகமாக ஒன்றுமில்லை. என் கணக்கில், தினமும் வாசித்து உழைப்பவனுக்கு அந்த மூன்று மடங்கு தகும். அதற்கு மேல் கொடுப்பது ஆசைக்கு. ஆசைக்கு வாங்குபவன் கைக்காசில் வாங்கட்டும், கடனில் வேண்டாம்.

தம்பிக்கு மூன்றாவது வழியொன்றும் இருந்தது. 2004இல் டோக்கியோவின் ஒச்சனோமிசுவில் ஒரு நண்பருடன் நடந்திருக்கிறேன். தெரு நீளத்துக்கு வாத்தியக் கடைகள். பாவித்த கிட்டார்களில் தொங்கிய அட்டையில் கீறல், கழுத்தின் நிலை, மாற்றிய பாகம் எல்லாம் எழுதியிருந்தன, நமது வாகன ஏலத் தாளைப் போலவே. குறையை மறைக்காமல் எழுதி விற்பதால்தான் அங்கே பழைய சரக்குக்கும் நல்ல விலை நிற்கிறது. 2024 ஜூலையில் டொலர் 160 யென்னையும் தாண்டியது. யென் அப்படி விழுந்திருக்கும்போது வெளியிலிருந்து வாங்குபவனுக்கு லாபந்தானே.

அந்த நண்பர் இன்னும் அங்கேதான் இருக்கிறார். தொண்ணூறுகளில் செய்த ஃபென்டர் ஜப்பான் ஜாஸ் பேஸ் ஒன்றின் படங்களை அனுப்பியிருக்கிறார். பின்பக்கம் பெல்ட் பட்டுக் கீறல், கழுத்து நேர், விலை 75,000 யென். விமானக் கூலியையும் நமது சுங்கத் தீர்வையையும் கூட்டிப் பார்க்கும்படி தம்பியிடம் சொல்லியிருக்கிறேன். வெள்ளிக்கிழமை பின்னேரம் கணக்கோடு வருவதாகச் சொன்னார்.