அஞ்சுவது எதற்கு?

நம் மன்ற மேடையில் ஏறுவோர் பலரும் முதலில் முழங்குவது "தமிழன் அஞ்சான்" என்பதே. கைதட்டலும் உடனே கிடைத்துவிடுகிறது. மேடையை விட்டு இறங்கிய அதே நாவீரர், மறுநாள் வகுப்பில் ஆசிரியர் ஒரு கேள்வி கேட்டால் எழுந்து நின்று நெளிகிறார். காவிரி வழக்கு நீதிமன்றத்துக்கு வருகிறது என்று செய்தி வந்தால், ஓசூருக்குக் கடைசிப் பேருந்து எத்தனை மணிக்கு என்று விசாரிக்கிறார். அவரைப் பழிக்க நான் இதை எழுதவில்லை. நடுங்குகின்ற உள்ளத்தை "அஞ்சாதே" என்ற ஒரு சொல்லால் திருத்திவிடலாம் என்று நாம் நம்புகிறோமே, அந்த நம்பிக்கையைத்தான் பழிக்கிறேன்.

அஞ்சத்தக்கதற்கு அஞ்சுவதை வள்ளுவர் கோழைமை என்று சொல்லவில்லை, அறிவு என்றார். அக்குறளை அவர் வைத்த இடம் படைச்செருக்கு அன்று, அறிவுடைமை. ஆகவே அஞ்சலாமா, கூடாதா என்பது கேள்வியே அன்று. எதற்கு, எவ்வளவு, எத்தனை நாள் என்பதே கேள்வி.

2016ஆம் ஆண்டு செப்டம்பர் 12ஆம் நாளை எண்ணிப் பாருங்கள். உச்ச நீதிமன்றத்தின் காவிரி ஆணையைத் தொடர்ந்து பெங்களூரில் கலவரம் மூண்டது. தமிழ்நாட்டுப் பதிவெண் கொண்ட வண்டிகள் தேடித் தேடித் தாக்கப்பட்டன. ஒரே பணிமனையில் பேருந்துகள் வரிசையாக நின்று எரிந்தன. நகரின் பல பகுதிகளில் ஊரடங்கு. அன்று கதவைச் சாத்திக்கொண்டு அறையில் இருந்த தமிழ் மாணவன் கோழையல்லன். 1991 டிசம்பரில் இதே காவிரியின் பெயரால் இந்நகரத் தமிழர் உயிரும் உடைமையும் இழந்தது பொய்யன்று. அந்நாளைக் கண்ட பெற்றோர் இன்றும் தொலைபேசியில் "பேருந்தில் தமிழில் உரக்கப் பேசாதே, தம்பி" என்றால், அந்தச் சொல்லுக்குப் பின்னால் ஒரு வரலாறு இருக்கிறது.

ஆனால் இதே நகரம் வேறொரு அச்சத்தையும் கண்டது. 2012இல் அசாமில் நடந்த மோதல்களுக்குப் பிறகு, பெங்களூரில் வாழும் வடகிழக்கு மாநிலத்தாரைத் தாக்கப் போகிறார்கள் என்ற செய்தி கைப்பேசிக்குக் கைப்பேசி பரவிற்று. ஆகஸ்டு 15 தொடங்கி ஓரிரு நாட்களில் பல்லாயிரவர் பெட்டியும் படுக்கையுமாக ரயில் நிலையத்தை மொய்த்தனர். கவுகாத்திக்குத் தனி ரயில்கள் விடப்பட்டன. அமைச்சர்கள் நடைமேடைக்கே வந்து "போகாதீர்கள்" என்று வேண்டிக்கொண்டனர். மொத்தமாகக் குறுஞ்செய்தி அனுப்புவதையே நடுவண் அரசு 15 நாட்களுக்குத் தடை செய்தது. அவர்கள் அஞ்சிய படுகொலையோ பெங்களூரில் நடக்கவே இல்லை. படித்தவர்களும், கணிப்பொறி நிறுவனங்களில் வேலை பார்த்தவர்களும், நம்மைப் போன்ற மாணவர்களும் அந்தக் கூட்டத்தில் இருந்தார்கள். அறிவில்லாதவர்கள் ஓடினார்கள் என்று சொல்லித் தப்பித்துக்கொள்ள நமக்கு வழியில்லை.

ஏன் இப்படி நடக்கிறது? இதற்கு ஒரு பழைய ஆராய்ச்சி நல்ல விடை தருகிறது. 1934 ஜனவரி 15 அன்று பீகாரைப் பெரும் நிலநடுக்கம் குலைத்தது. அதன்பின் மக்களிடையே உலவிய வதந்திகளை ஜமுனா பிரசாத் என்ற இந்திய உளநூலார் திரட்டி 1935இல் வெளியிட்டார். அதிர்ச்சியை உடலால் உணர்ந்தும் இடிபாட்டைக் கண்ணால் காணாத மக்களிடையே பிறந்த வதந்திகள் அவை. ஆறுதலான கதைகளா பிறந்தன? இல்லை. சந்திர கிரகணத்தன்று மற்றொரு பெருநடுக்கம் வரும், புயல் வரும், வெள்ளம் வரும் என்று முன்னதைவிடக் கொடிய கதைகளே பிறந்தன! அமெரிக்க உளநூலார் லியோன் ஃபெஸ்டிங்கர் 1957இல் எழுதிய நூலில் இதை எடுத்து ஆராய்ந்தார். அவர் கண்ட விளக்கம் எளிது. நெஞ்சு படபடக்கிறது, சுற்றிப் பார்த்தால் வீடு நிற்கிறது, மரம் நிற்கிறது. காரணம் தெரியாத படபடப்பைத் தாங்குவது கடினம். எனவே மனம் அதற்கு ஏற்ற காரணத்தைத் தேடி வாங்கிக்கொள்கிறது. வதந்தியை அச்சத்தின் தாய் என்று எண்ணிக்கொண்டிருக்கிறோம். பல வேளைகளில் அது அச்சத்தின் மகள்.

இந்தக் கண்ணாடியை அணிந்துகொண்டு நம் எலெக்ட்ரானிக் சிட்டியைப் பாருங்கள். 1970களின் கடைசியில் கியோனிக்ஸ் நிறுவனம் கோணப்பன அக்ரகாரத்திலும் தொட்டதோகூரிலும் 332 ஏக்கரில் அமைக்கத் தொடங்கிய ஊர் இது. தமிழ்நாட்டு எல்லை சற்றுத் தொலைவுதான். இங்கே கடைத்தெருவில் தமிழ் காதில் விழாத நாளில்லை. ஆயினும் புதிதாக வந்த நம் மாணவனை மெல்லப் பேச்சுக்கு இழுத்துப் பாருங்கள். எதிரே நிற்கும் கண்ணாடி மாளிகைகளில் தனக்கு ஓர் இடம் கிடைக்குமா? ஆங்கிலத்தில் தடுமாறினால் சிரிப்பார்களா? வாங்கிய கல்விக் கடனை அப்பா எப்படி அடைப்பார்? காவலாளி கன்னடத்தில் சொன்னதற்கு என்ன பொருள்? இவை ஒன்றையும் அவன் வெளியில் சொல்வதில்லை. ஒருநாள் இரவு "நாளை கலவரம், வெளியே வராதீர்கள்" என்று ஒரு வாட்ஸ்அப் செய்தி வருகிறது. அதுவரை வீடின்றி அலைந்த அச்சத்துக்கு ஒரு முகவரி கிடைத்துவிடுகிறது. அவன் உடனே பத்துப் பேருக்கு அதை அனுப்புகிறான். எனக்கே இப்படி ஒரு செய்தி ஒரே இரவில் நான்கு குழுக்களிலிருந்து வந்தது. யார் பார்த்தது, எந்தத் தெருவில் என்று கேட்டேன். நான்கிலும் விடையில்லை, இரண்டில் என்மேல் கோபம்தான் வந்தது.

சரி, விடுமுறைக்கு ஊருக்குப் போய் அம்மா கையால் சாப்பிட்டு வந்தால் இந்த அச்சம் தெளிந்துவிடாதா? நானும் அப்படித்தான் கேள்விப்பட்டிருந்தேன். ஆனால் இந்நகரத்து விஞ்ஞானிகளே வேறு செய்தி சொல்கிறார்கள். தேசிய உயிரியல் அறிவியல் மையத்தில் சுமந்திரா சட்டர்ஜியும் அவர் குழுவினரும் எலிகளை நாள்தோறும் இரண்டு மணி நேரம் அசைய முடியாமல் அடைத்து வைத்துப் பார்த்தனர். பத்து நாளில், நினைவுக்கு உதவும் மூளைப் பகுதியில் நரம்புக் கிளைகள் சுருங்கின. அச்சத்துக்கு இருப்பிடமான அமிக்டலாவில் அவை செழித்து வளர்ந்தன. இது 2002இல் வெளிவந்தது. பின்பு எலிகளுக்கு மூன்று வாரம் முழு ஓய்வு கொடுத்தும் அமிக்டலாவின் வளர்ச்சி பழைய நிலைக்குத் திரும்பவில்லை என்று 2004இல் கண்டனர். எலி மனிதனன்று, ஒப்புக்கொள்கிறேன். ஆயினும் ஓய்வு ஒன்றே மருந்து என்று சொல்லுமுன் இதை நினைத்துக்கொள்வது நல்லது. தேர்வுக்கு முந்தைய வாரம் நாம் விடுதி அறையில் நம்மை நாமே அடைத்துக்கொள்வதும் என் நினைவுக்கு வருகிறது.

பின் எதுதான் மருந்து? 1924இல் மேரி கவர் ஜோன்ஸ் என்ற அம்மையார் எழுதிய பீட்டரின் கதையைக் கேளுங்கள். மூன்று வயதுக் குழந்தை. முயலைக் கண்டால் அலறுவான். அவனுக்குப் பிடித்த உணவைத் தின்னக் கொடுத்து, கூண்டில் இருந்த முயலை அறையின் மறுகோடியில் வைத்தார்கள். அவன் கலங்காத அளவுக்கு நாளுக்கு நாள் சற்றே அருகில் கொண்டுவந்தார்கள். முயலுக்கு அஞ்சாத குழந்தைகளையும் அவனோடு விளையாட விட்டார்கள். இறுதியில் முயல் தன் விரலைக் கொறிக்க விட்டு அவன் சிரித்துக்கொண்டிருந்தான். இதில் எவரும் அவனுக்கு வீரவுரை ஆற்றவில்லை என்பதைக் கவனியுங்கள்! முயல் கடிக்காத முயல் என்பதையும் கவனியுங்கள். கல்லெறியும் கூட்டத்தின் நடுவே போய் நின்று அச்சத்தைப் போக்கிக்கொள்ளச் சொல்வார் எவரேனும் இருந்தால் அவர் நம் நண்பரல்லர்.

அல்சூர் ஏரிக்கரையில் நிற்கும் வள்ளுவர் சிலையை உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள். 1991இல் நிறுவப்பட்டும், திறந்தால் என்ன நேருமோ என்ற அச்சத்தால் 18 ஆண்டுகள் மூடியே கிடந்தது அது. மூடியிருந்த ஒவ்வோர் ஆண்டும் அந்த அச்சத்துக்கு எருவிட்டது என்பது என் கருத்து. 2009 ஆகஸ்டு 9 அன்று இரு மாநில முதல்வர்களும் கூடி நின்று திறந்தார்கள். நான்கு நாள் கழித்துச் சென்னை அயனாவரத்தில் கன்னடக் கவி சர்வக்ஞரின் சிலை திறக்கப்பட்டது. மேடை முழக்கம் 18 ஆண்டுகளில் செய்யாததை, நீ ஓரடி, நான் ஓரடி என்ற ஏற்பாடு செய்து முடித்தது. சிலை இன்றும் அங்கே நிற்கிறது.

நம் மன்றத்துக்கு என் கோரிக்கை இரண்டு. ஒன்று, இடமும் நேரமும் பார்த்தவர் பெயரும் இல்லாத எந்தச் செய்தியும் மன்றக் குழுவில் ஏறக்கூடாது. செயலாளர் தயவுதாட்சண்யம் பாராமல் நீக்க வேண்டும். மற்றொன்று கன்னடம். "பெங்களூரில் தமிழே போதுமே" என்று சிலர் பெருமையாகச் சொல்கிறார்கள். போதும்தான், காய்கறி வாங்க. பக்கத்து அறைக்காரன் தன் தாயோடு என்ன பேசிச் சிரிக்கிறான் என்று தெரியாமல் நான்காண்டு வாழ்பவனுக்கு, கலவரச் செய்தி வரும் இரவில் அந்த அறையே எல்லையாகிவிடும். அவன் பெயரைச் சொல்லி அழைத்து, அவன் மொழியில் நான்கு வார்த்தை தப்பாகவேனும் பேசத் தெரிந்தவன், அந்த இரவில் கதவைத் தட்டி "உனக்கு ஏதாவது செய்தி உண்டா?" என்று கேட்பான்.

என் வகுப்புக் கன்னட நண்பர் இருவர் கற்பிக்க இசைந்திருக்கிறார்கள். கட்டணம் இல்லை, பதிலுக்கு அவர்களுக்குத் தமிழ் எழுத்து கற்றுத்தர வேண்டுமாம். சனிக்கிழமை மாலை 5 மணி, உணவுக்கூடத்தின் மேல்மாடி. இதுவரை பெயர் கொடுத்தவர்கள் ஆறு பேர். அவர்களில் நால்வர் முதலாண்டு மாணவர்கள்.