எந்த பெக்கேஜ் நமக்குச் சரி?

பெக்கேஜ் என்றால் நம்மட ஊரில முதல்ல ஞாபகம் வாறது டேட்டா பெக்கேஜ்தான். இங்க நாம பேசப்போறது ஹஸ்கெல் என்ற நிரல்மொழியின் பெக்கேஜ்களைப் பற்றி. ரெண்டுக்கும் நெருங்கிய சம்பந்தம் இருக்கு.

கலைப்பீடத்துக்காரருக்கு ஹஸ்கெல் எதுக்கு என்று கேட்பவர்களுக்கு ஒரு பதில் இருக்கு. ஒரே கட்டுரையை வேர்டாகவும் இணையப்பக்கமாகவும் மாற்றித்தரும் பண்டொக் மென்பொருள் 2006இல் வெளிவந்தது. அதை ஹஸ்கெலில் எழுதியவர் ஜோன் மெக்ஃபார்லேன். பேர்க்லியில் மெய்யியல் படிப்பிக்கிற பேராசிரியர்.

ஆனா மொழியைப் படிக்க முன்னமே நம்மை மறிக்கிறது பெக்கேஜ்தான். பிறர் எழுதிவைத்த நிரல்கள் ஹெக்கேஜ் என்ற பொதுக் களஞ்சியத்தில் கிடக்கு. கல்முனைச் சந்தை மாதிரி, எல்லாம் கிடைக்கும். ஒன்றோடொன்று சேருமா என்பதுதான் கேள்வி. ஒரு பெக்கேஜ் இன்னொன்றின் பழைய பதிப்பைக் கேட்கும், மற்றது புதியதைக் கேட்கும். ‘கபால் நரகம்’ என்று ஹஸ்கெல்காரரே இதற்குப் பேர் வைத்தார்கள்.

2015இல் வந்த ஸ்டெக் வேறு வழி பிடித்தது. ஸ்டெக்கேஜ் என்ற தொகுப்பு கலியாண வீட்டு சஹன் மாதிரி. சேர்ந்து இயங்கும் என்று சோதித்த பதிப்புகளை மட்டும் ஒரே தட்டில் வைக்கும். கபாலும் சும்மா இருக்கவில்லை. 2019இல் வந்த 3.0 பதிப்பிலிருந்து ஒவ்வொரு வேலைத்திட்டத்தையும் தனித்தனியாகப் பிரித்துவைப்பதே அதன் வழக்கமாயிற்று. பழைய நரகம் பெரும்பாலும் தீர்ந்துவிட்டது.

அப்ப எது நல்லது? வெளிநாட்டில இதைச் சுவை, வேகம் என்று விவாதிக்கிறார்கள். நம்மட கணக்கு டேட்டா. ஸ்டெக்கில் ஒவ்வொரு தொகுப்பும் ஜீஎச்சி என்ற தொகுப்பியின் ஒரு குறிப்பிட்ட பதிப்போடு கட்டுப்பட்டது. தொகுப்பை மாற்றினால் பல நேரம் தொகுப்பியையும் திரும்ப இறக்கவேணும், சில நூறு மெகாபைட். மாதக் கடைசியில யாரிட்ட இருக்கு அவ்வளவு?

ஆகவே எங்கட கருத்து இதுதான்: சேர்ந்து படிக்கிற பெடியன்களும் பிள்ளைகளும் நீண்டகால ஆதரவுள்ள ஒரு ஸ்டெக்கேஜ் தொகுப்பை முடிவு செய்து, வருசம் முழுக்க அதிலேயே நிற்கவேணும். ஜீஎச்சி நிறுவல் கோப்பை ஒருவர் இறக்கினால் போதும். மற்றவர்களுக்குப் பென்டிரைவில் கொடுக்கலாம். கபால் பாவிக்கிறவர்கள் ‘கபால் ஃப்ரீஸ்’ கட்டளையால் பதிப்புகளைப் பூட்டிவைக்கலாம்.

புதுசு வந்தால் பின்தங்கிப் போவோமே என்று சிலர் சொல்வார்கள். பிந்தினால் பரவாயில்லை. ஒலுவிலில் ஒருத்தருக்கு வந்த பிழை சாய்ந்தமருதில் மற்றவருக்கும் அப்படியே வந்தால்தான் ரெண்டு பேரும் சேர்ந்து தீர்க்கலாம். சொல்லித்தர ஆள் குறைந்த இடத்தில அதுதான் பெரிய வசதி.