காந்தத்தின் மேல் பழி போடாதீர்கள்

எங்கள் திருப்புலி நாட்டில் பக்கத்து வீட்டுத் தம்பியின் பைக் செல்ஃப் எடுக்கவில்லை. கிக்கர் இல்லாத வண்டி. சரிவில் உருட்டி ஸ்டார்ட் செய்து, எழுபது கொண்டை ஊசி வளைவும் இறங்கி, கீழே ஒரு பட்டறையில் காட்டினார். அங்கே மோட்டாரைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. "காந்தம் பவர் போயிருச்சு, மோட்டாரையே மாத்தணும்" என்றார்களாம்.

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்ற கதைதான் இது.

அந்தக் காந்தம் என்ன என்று முதலில் தெரிந்துகொள்வோம். பெரும்பாலான பைக் ஸ்டார்ட்டர் மோட்டாரில் இருப்பது ஃபெரைட். இரும்பு ஆக்சைடோடு ஸ்ட்ரான்சியம் அல்லது பேரியம் சேர்மத்தைக் கலந்து, சுமார் 1 மைக்ரான் அளவுக்கு அரைத்து, காந்தப் புலத்தில் வைத்து அழுத்தி, 1200 டிகிரி வாக்கில் சூளையில் சுடுகிறார்கள். 1952-லேயே ஹாலந்தின் ஃபிலிப்ஸ் நிறுவனம் வெளியிட்ட சரக்கு. சுருக்கமாகச் சொன்னால் சுட்ட ஓடு. துருப் பிடிக்காது. 450 டிகிரி வரை சூடேறினால்தான் காந்தத் தன்மையை இழக்கும். எஞ்சின் சூட்டில் கொஞ்சம் பலம் குறைந்தாலும் ஆறியதும் திரும்பிவிடும். குளிரில் இதற்குத் தாங்கும் சக்தி குறையும் என்பது உண்மை. ஆனால் அது உறைபனி நாடுகளின் கவலை. நம் மார்கழிக் குளிருக்கெல்லாம் அசையாது.

பிறகு எப்படிக் கெடுகிறது? ஓடு எப்படிக் கெடுமோ அப்படித்தான். அடித்தால் உடையும்.

இங்கே என் தலைமுறையையும் சேர்த்தே திட்டுகிறேன். அந்தக் கால ஜீப், லாரி ஸ்டார்ட்டரில் காந்தம் கிடையாது, செப்புக் கம்பிச் சுருள்தான். ஒட்டிக்கொண்ட பிரஷ் விடுபட சுத்தியலால் ஒரு தட்டுத் தட்டுவோம், ஓடும். அதே கையோடு பைக் மோட்டாரையும் தட்டுகிறோம். உள்ளே ஒட்டியிருக்கும் ஓடு விரிசல் விடுகிறது, சில்லு பெயர்ந்து ஆர்மேச்சரைக் கடிக்கிறது. நானே ஒரு மோட்டாரை அப்படிக் கெடுத்தவன்தான்.

தம்பியின் மோட்டாரை வீட்டுத் திண்ணையில் பிரித்தோம். இரண்டு காந்தமும் முழுசாக இருந்தன. ஒரு பிரஷ் தேய்ந்து கட்டையாகியிருந்தது, சுற்றிலும் கரித்தூள். பிரஷ் மாற்றித் துடைத்துப் பூட்டியதும் முதல் அழுத்தலில் எடுத்தது.

பேட்டரி முனை, ரிலே, பிரஷ், உள்ளே கசிந்த எண்ணெய் எல்லாவற்றையும் பார்த்த பிறகுதான் காந்தத்தைப் பற்றிப் பேச வேண்டும். உடைந்திருந்தால் மோட்டாரை மாற்றத்தான் வேண்டும், மறுக்கவில்லை. ஆனால் உடைந்த துண்டைக் கண்ணால் காட்டட்டும்.

2025 ஏப்ரலில் சீனா அருமண் காந்த ஏற்றுமதியைக் கட்டுப்படுத்தியதும் நம் மின்வாகன நிறுவனங்கள் திண்டாடின. அதைச் சாக்காக வைத்து "காந்தம் கிடைக்கலை" என்று யாராவது சொன்னாலும் நம்பாதீர்கள். ஃபெரைட்டில் அருமண் தேவையில்லை.

கீழே இருப்பவருக்கு இது ஒரு பில். நமக்கோ, ராத்திரியில் நோயாளியை வைத்துக்கொண்டு ஏற்றத்து வளைவில் வண்டி நின்றால் என்ன ஆகும் என்ற கேள்வி. அடுத்த முறை "காந்தம் போச்சு" என்றால், "திறந்து காட்டுங்க தம்பி" என்று கேளுங்கள். சுத்தியலை எடுத்தால் கையைப் பிடியுங்கள்.